தேசப்படத்தில் ஏறாத லயங்கள்

தேசப்படம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவது, பாடசாலைச் சுவரில் ஆணியில் தொங்கிய அந்தப் பழைய துணிப்படந்தான். நாம் பயின்ற மிஷன் பாடசாலையில் இரண்டு படங்கள் தொங்கின. ஒன்று உலகப் படம். மற்றது வேதபாடத்துக்கென்று வைத்திருந்த பாலஸ்தீனப் படம். யோர்தான் நதி எங்கே விழுகின்றது, எரிகோ பட்டணம் எருசலேமுக்கு எத்திசையில் உள்ளது என்று இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். ஆயின், அந்த வகுப்பறை ஜன்னலுக்கு நேரே எதிர்மலையில் தெரிந்த லயத்துக்கு யாது பெயர், அதற்குப் போகும் பாதை எங்கே ஆற்றைக் கடக்கின்றது என்று எந்தப் படமும் நமக்குச் சொன்னதில்லை. அதனை ஒரு குறையென்றும் நாம் அன்று கருதினோமில்லை. நம்முடைய லயம் நமக்குத் தெரியாதா என்ன?

நமக்குத் தெரியும், பிறருக்குத் தெரியாது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்பதை 2025ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியிலே கண்டோம். டித்வா என்று பெயரிடப்பட்ட புயல், இலங்கை முழுவதிலும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலே மலைகள் சரிந்தன; பாதைகள் அறுந்தன; மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் துண்டுபட்டது. வழி ஓரளவு திறந்தபின், அரிசியும் மாவும் பால்மாவும் ஏற்றிய லொறி ஒன்று நம் பக்கத்துச் சந்தியில் வந்து நின்றது. வந்தவர்கள் கையில் ஒரு கடதாசி. அதில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரும், கீழ்ப்பிரிவு என்பதும் எழுதியிருந்தன. சந்தியில் நின்ற முதியவர்கள் அந்த ஆங்கிலப் பெயரை அறியார். அவர்கள் வாயில் வழங்குவது வேறொரு தமிழ்ப் பெயர். கைத்தொலைபேசியில் படத்தைத் திறந்தார்கள். பிரதான பாதை தெரிந்தது, அதற்கு மேலே வெறும் பச்சை. லொறி வேறொரு பிரிவிலே போய் மூட்டைகளை இறக்கிற்று. அங்கும் பசித்தவர்கள் இருந்தார்கள், அதைப்பற்றி வருத்தமில்லை. ஆனால் எந்த லயத்துக்கென்று புறப்பட்டதோ அந்த லயம் மேலும் இரண்டு நாள் காத்திருந்தது. இதில் யார்மேலும் குற்றஞ் சொல்ல நாம் எழுதவில்லை. இடம் இருந்தது, உதவியும் இருந்தது, இரண்டையும் சேர்க்கும் ஒரு கோடு மட்டும் இல்லை என்பதே விஷயம்.

அந்தக் கோட்டை ஏன் யாரும் போடவில்லை? இதற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

பழங்காலந்தொட்டுத் தேசப்படம் என்பது அரசர்களின் கருவி. படை நடத்தவும் வரி வாங்கவும் அது வேண்டியிருந்தது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10ஆம் தேதி, சென்னையிலே பரங்கிமலைக்கு அருகில், லாம்டன் என்ற ஆங்கில இராணுவ அதிகாரி சங்கிலி பிடித்து நிலம் அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும்பணிக்கு அதுவே முதல் அடி. இலங்கையின் நில அளவைத் திணைக்களமோ அதற்கும் முந்தியது. 1800ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் தேதி, தேசாதிபதி நோர்த் காலத்தில் நிறுவப்பட்டது.

நம் மலைகளை அளக்கவேண்டிய தேவை கோப்பியுடன் வந்தது. காட்டை அளந்தால்தான் விற்கலாம், விற்றால்தான் வெட்டலாம். பின்னர் 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் நட்டுத் தொடங்கிய தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் வந்தது. திம்புள்ளப் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு தோட்டமும் ஏக்கர், ரூட், பேர்ச் என்று பின்னம் தவறாமல் அளந்து வரையப்பட்டது. வந்த துரைமார் தம் சொந்த நாட்டை நினைந்து பெயர் வைத்தனர். தலவாக்கலையைச் சூழ்ந்த ஹொலிரூட், லோகி, அக்கரபத்தனைப் பக்கத்துக் கிளாஸ்கோ யாவும் ஸ்கொட்லாந்துப் பெயர்கள். கிளாஸ்கோ என்பது அங்கே பெரும் பட்டணம். இங்கே அது கொழுந்து பறிக்கும் மலை. தோட்டத்துப் படத்தில் ஒவ்வொரு மலைக்கும் நம்பர் உண்டு. இன்றைக்கும் பிரட்டுக் களத்தில், இன்று ஆறாம் நம்பர் மலை, நாளை ஒன்பதாம் நம்பர் மலை என்றுதானே சொல்கின்றார்கள்? தேயிலைச் செடி நிற்கும் இடத்துக்கு ஒரு நம்பர் கிடைத்தது. செடியைப் பறித்தவர் படுத்துறங்கும் காம்பராவுக்கோ தபாற்காரர் ஏற்கும் முகவரி இல்லாமற் போயிற்று. கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கு வந்து, அங்கிருந்து கை மாறிக் கை மாறி வருவதும், சில வராமலே போவதும் பெரியோர் நன்கறிவர். தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை 2023ஆம் ஆண்டில் நம்மவர் நடந்தார்களே, முன்னோர் நடந்து வந்த வழியை நினைவுகூர்ந்து! இருநூறு ஆண்டு முடிந்தபின்னும் பெரும்பாலான லயக் காம்பராக்களுக்குத் தனி முகவரி கிடையாது.

இனி, புதிய சரித்திரத்துக்கு வருவோம். அரசர்களும் கம்பெனிகளும் அல்லாமல், சாமானிய ஜனங்கள் தாமாகவே கூடி உலகப் படத்தை வரையலாம் என்ற எண்ணம் 2004ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே பிறந்தது. ஸ்டீவ் கோஸ்ட் என்ற ஓர் இளைஞர் அதனைத் தொடங்கினார். அங்கே தேசப்படங்களை அரசாங்க நிறுவனம் வரைந்தது. ஆயினும் அவற்றைப் பயன்படுத்த விலை கொடுக்கவேண்டியிருந்தது. இதனைப் பொறாத அவர், யாரும் வரையலாம், யாரும் திருத்தலாம், யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாட்டிலே ஒரு படத்தை இணையத்தில் ஆரம்பித்தார். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்பது அதன் பெயர். முதலில் இது சைக்கிளில் சுற்றித் தெரு வரையும் இளைஞரின் பொழுதுபோக்காகவே இருந்தது.

அதே 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி நம் நாட்டின் கரைகளில் சுனாமி ஏறிற்று. முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் இலங்கையில் மாண்டனர். அப்போது கொழும்பிலே கணினித் தொழில் செய்த தொண்டர்கள் சிலர், காணாமற் போனவர் யார், எந்த முகாமில் யார் இருக்கின்றார், எங்கே எது தேவை என்று பதிந்து தேடுதற்குரிய ஒரு கணினி ஏற்பாட்டைச் சில நாட்களிலே கட்டினார்கள். சஹன என்று அதற்குச் சிங்களத்தில் பெயரிட்டனர். நிவாரணம் என்பது பொருள். அதனையும் யாவருக்கும் இலவசமாகவே கொடுத்தனர். பின்னர் பாகிஸ்தான் பூகம்பத்திலும் ஹெயிட்டிப் பூகம்பத்திலும் அது உதவிற்று. நம் சிறு தீவு உலகத்துக்குச் செய்த இவ்வுபகாரம் நம் பாடப் புத்தகங்களில் ஒரு வரி பெறத் தகுதியுடையது என்பது எமது தாழ்மையான அபிப்பிராயம்.

இரண்டு நீரோடைகளும் ஹெயிட்டியிலே கலந்தன எனலாம். 2010ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி அத்தீவு நாட்டின் தலைநகர் போர்ட்டோ பிரின்ஸ் பூகம்பத்தில் இடிந்து விழுந்தது. உலகமெல்லாமிருந்து மீட்புப் படைகள் வந்திறங்கின. வந்தவர்களுக்குத் தெரு தெரியவில்லை. நகரின் நல்ல படம் ஒன்று கிடைக்கவில்லை. செய்மதி வைத்திருந்த கம்பெனிகள் தாம் எடுத்த படங்களைத் திறந்துவிட்டன. உடனே ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தத்தம் வீட்டு மேசையில் உட்கார்ந்தபடியே தொண்டர்கள் அப்படங்களைப் பார்த்துத் தெருக்களைக் கோடிழுத்தனர். இடிந்த கட்டிடங்களைக் குறித்தனர். திறந்த வெளியிலே முளைத்த அகதிக் கூடாரங்களை வரைந்தனர். ஒரு மாதத்துக்குள் 600க்கும் அதிகமானோர் இதில் கை கொடுத்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஹெயிட்டியைக் கண்ணாற் கண்டதில்லை. அவர்கள் வரைந்ததை மீட்புப் படையினர் தம் கைக்கருவிகளில் ஏற்றிக்கொண்டு சந்து சந்தாகப் புகுந்தனர். அந்த ஆண்டிலேயே, அனர்த்தக் காலத்தில் இப்பணியைச் செய்வதற்கென்று ஒரு தனி அமைப்பு சட்டப்படி பதிவாயிற்று.

2014ஆம் ஆண்டு மேற்கு ஆபிரிக்காவில் எபோலா நோய் பரவியது. கினி நாட்டின் கெக்கேடு என்ற ஊரில் நோயாளி எந்தக் கிராமத்திலிருந்து வந்தார் என்று அறிந்தால்தான் நோயைத் தடுக்கலாம். கிராமமோ படத்தில் இல்லை. யுத்த காலத்தில் நம் வடபகுதியிற் சேவை செய்த எல்லைகளற்ற வைத்தியர்கள் சங்கமே அங்கும் நின்றது, படம் கேட்டது, சில நாட்களில் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் அச்சங்கமும், அமெரிக்க, பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கங்களும், முன்சொன்ன அமைப்பும் சேர்ந்து, விபத்து வந்தபின் ஓடுவதற்குப் பதிலாக முன்கூட்டியே வரைந்து வைப்போம் என்று ஒரு திட்டம் வகுத்தன. விடுபட்ட படங்கள் என்று அதற்குப் பெயர்.

முன்கூட்டியே வரைவதன் பலனை நேபாளத்திலே காணலாம். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் தேதி அங்கே பூகம்பம் வந்தது. காத்மாண்டு லிவிங் லாப்ஸ் என்ற உள்ளூர் நிறுவனத்தைச் சேர்ந்த இளைஞர்கள் அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பிருந்தே தம் நகரின் பாடசாலைகளையும் வைத்தியசாலைகளையும் நடந்து நடந்து பதிந்து வைத்திருந்தனர். ஆகையால் உலகின் நாலா பக்கத்திலுமிருந்து ஆயிரக்கணக்கான தொண்டர்கள் உதவ வந்தபோது, எதை எங்கே வரையவேண்டும் என்று சொல்ல ஊரறிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். ஹெயிட்டிக்கும் நேபாளத்துக்கும் உள்ள வித்தியாசம் கருவியில் இல்லை. ஊரார் முந்தினார்களா, பிந்தினார்களா என்பதில் இருக்கின்றது.

நம் நாட்டிலும் இப்பணி நடவாமல் இல்லை. 2012, 2013ஆம் ஆண்டுகளில், அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் சேர்ந்து, வெள்ளத்தில் அடிக்கடி மூழ்கும் மட்டக்களப்பின் மண்முனை வடக்குப் பிரிவைப் படமாக்கின. இளம் தொண்டர்களும் அரசாங்க உத்தியோகத்தரும் 30,000க்கும் மேற்பட்ட கட்டிடங்களைப் பதிந்தனர். சென்னையில் 2015ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கின்றது என்று ஜனங்களே இணையப் படத்தில் தொட்டுக் காட்டினர். தோட்டப் பகுதிதான் பின்தங்கிற்று.

ஏன் பின்தங்கிற்று என்பதற்கு ஒரு காரணம் வேலையின் முறையிலேயே இருக்கின்றது. செய்மதிப் படத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்துத் தொண்டர்களுக்குக் கொடுப்பார்கள். ஒருவர் ஒரு சதுரத்தை எடுத்து, கூரையைச் சுற்றிக் கோடிழுத்துக் கட்டிடம் என்று குறிப்பார். பாதையைத் தொடர்ந்து கோடிழுப்பார். இன்னொருவர் அதனைச் சரிபார்ப்பார். எளிய வேலைதான், நாம் அரைமணி நேரத்தில் கற்றுக்கொண்டோம். ஆயினும் திம்புள்ளையில் இம்முறை தடுக்கி விழும். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் நம் மலைகளை மேகம் மூடிக் கிடக்கும். வானத்திலிருந்து பார்ப்பவருக்கு வெண்பஞ்சுதான். மேகம் விலகிய மாதங்களில் எடுத்த படத்திலோ குறுக்குப் பாதைகள் தேயிலைக்குள்ளும் நிழல் மரங்களுக்கடியிலும் மறைந்துபோகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு கூரையிலே நிகழ்கின்றது. எங்கோ பெர்லின் நகரில் இருக்கும் நல்ல மனமுடைய தொண்டர் ஒருவர் நம் லயத்தின் தகரக் கூரையை மேலிருந்து பார்க்கின்றார். நீளமான ஒரே கூரை. ஆகவே ஒரு கட்டிடம் என்று வரைகின்றார். அதைக் கணக்கிடும் நிவாரண உத்தியோகத்தர், ஒரு கட்டிடம் ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஐந்து பேர் என்று பெருக்குகின்றார். அந்த ஒரே கூரையின் கீழ் முதுகோடு முதுகு ஒட்டிய காம்பராக்கள் இருபத்துநான்கு இருக்கலாம். ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. சிலவற்றில் தகப்பன் குடும்பமும் மகன் குடும்பமும் சீலையால் மறைப்புக் கட்டி வாழ்கின்றன. நூற்றைம்பது பேருக்கு ஐந்து பொதி வருமானால் அதற்கு யாரை நோவது? சில வேளை அந்தத் தொண்டர் கோழிப் பண்ணையென்றோ களஞ்சியமென்றோகூட எண்ணியிருப்பார். வானத்திலிருந்து பார்த்தால் லயம் வீடு போலத் தெரிவதில்லை என்பது அவர் குற்றமா, லயத்தைக் கட்டியவர் குற்றமா என்று அன்பர்களே தீர்மானிக்கட்டும்.

இந்தக் கணக்குப் பிழை எத்துணைக் கொடியது என்பதற்கு மீரியபெத்தை சாட்சி. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் தேதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகே மலை சரிந்து லயங்களை மூடிற்று. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் திரும்பிவந்து பார்த்தபோது வீடிருந்த இடத்தில் சேறு நின்றது. உள்ளே எத்தனை பேர்? முதலில் 300க்கு மேல் என்றார்கள். பிறகு 200க்குள் என்றார்கள். பிறகு நூறு என்றும், கடைசியில் சில பத்துப் பேர் என்றும் கணக்கு இறங்கிற்று. பலர் உயிரோடிருந்ததால் இறங்கியது மகிழ்ச்சிதான். ஆனால் எந்தக் காம்பராவில் எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்று உடனே சொல்லக்கூடிய ஓர் ஏடு அந்த முதல் நாட்களில் கிடைக்கவில்லை என்பதையல்லவா அது காட்டுகின்றது?

ஆயினும் இவ்விடத்தில் நாம் ஓர் உண்மையை மறைத்துச் செல்லலாகாது. மீரியபெத்தையில் படம் அறவே இல்லாமலில்லை. 1990ஆம் ஆண்டளவில் தொடங்கி, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ள இடங்களைப் படமாக வரைந்து வருகின்றது. மீரியபெத்தை அபாயமான இடம் என்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. எழும்பு, போ என்று சொன்னால் எங்கே போவது? சொந்தமாக ஒரு பேர்ச் நிலமில்லாதவர், கொழுந்து நிறுத்தால்தான் சம்பளம் உள்ளவர், பிரட்டுக் களத்துக்கு எட்டாத தூரத்தில் குடியேறி என்ன செய்வது? படம் அபாயத்தைக் காட்டும், மாற்றிடம் கொடாது. கணினியில் நாலு கோடு வரைந்துவிட்டு மலையகத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நம் இளைஞர் மார்தட்டினால் அது வெறும் விளையாட்டாகும். இதனை நமக்கே சொல்லிக்கொள்கின்றோம்.

அப்படியானால் வரையவே வேண்டாமா? எமது சங்கத்து இளைஞர் ஆறு பேர், சென்ற மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், பக்கத்துத் தோட்டத்துப் பிரிவொன்றை வரையப் புறப்பட்டோம். கையில் அச்சடித்த செய்மதிப் படம், பென்சில், இரண்டு கைத்தொலைபேசி. வழிகாட்ட ஓய்வுபெற்ற கங்காணித் தாத்தா ஒருவர் வந்தார். முதலில் அவர் எம்மைச் சந்தேகமாகப் பார்த்தார். யுத்த காலத்தில் தேசப்படம் வைத்திருந்தவன் பட்ட பாட்டைத் தாம் அறிந்தவரென்றும், "எதுக்குத் தம்பி இந்த வேலை?" என்றும் கேட்டார். ஆட்கள் பெயரை எழுதமாட்டோம், இடத்தின் பெயரையும் காம்பராக்களின் தொகையையும் மட்டுமே எழுதுவோம் என்று விளக்கியபின் இறங்கி வந்தார். அவருடைய அச்சம் வீணானதன்று. கலவரமுள்ள நாடுகளிலே யார் எங்கே வாழ்கின்றார் என்று காட்டும் படம் தீயவன் கையிலும் போகுமென்று இப்பணியாளர் உலகெங்கும் யோசித்தே செய்கின்றனர்.

பிறகு தாத்தா பேசத் தொடங்கினார்; நமக்கு எழுதி முடியவில்லை. "அந்தப் பாதை மழைக்கு ஆகாது தம்பி, கான் உடைஞ்சு தண்ணி மேல பாயும். பீலிக்கரை வழியாப் போங்க." செய்மதிப் படத்தில் அவ்விரு பாதைகளும் ஒரே மாதிரிக் கோடுகளாய் இருந்தன. பெரிய கல் ஒன்றைக் காட்டி, அதற்கு மேலே மூன்று வருஷமாக நிலம் வெடித்திருக்கின்றது என்றார். பழைய புள்ளைக்காம்பரா இருந்த இடம், மாரியம்மன் கோயில், தேர் திரும்பும் வளைவு, நோயாளியைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கும் படிகள் யாவும் படத்தில் ஏறின. நீளக் கூரை ஒன்றை வரைந்து, அதன்கீழ் பதினாறு காம்பரா என்று எழுதினோம்.

பெயர் எழுதும்போதுதான் வழக்கு வந்தது. அந்த லயத்தைப் பணிய லயம் என்று மேட்டு லயத்தார் சொன்னார்கள். தாத்தாவும் அப்படியே சொன்னார். அங்கே வாழும் பெண்கள் ஒப்பவில்லை. "பணிய லயம்னு அவங்க சொல்றது. எங்களுக்கு இது கோயில் லயம்" என்று ஓர் அக்கா சொல்லிவிட்டு, நாம் என்ன எழுதுகின்றோம் என்று பக்கத்திலேயே நின்று பார்த்தார். கோயில் லயம் என்று பெயராகவும், பணிய லயம் என்று மறுபெயராகவும், தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை அதற்கு மேலும் பதிந்தோம். இந்த மூன்றில் எதைக் கடதாசியில் எழுதி வந்தாலும் இனி அவ்விடம் படத்தில் அகப்படும்.

கோயில் லயத்துக்கு லொறி போகும் பாதை ஆற்றைக் கடந்துதான் செல்லவேண்டும். அங்கிருந்த பலகைப் பாலம் புயலில் போயிற்று. நாம் போன அன்று அது திரும்பப் போடப்பட்டிருக்கவில்லை. ஆகவே பாலத்தை நாம் வரையவில்லை. படத்தில் அந்தக் கோடு ஆற்றின் இக்கரையிலே நிற்கின்றது.